கார்ப் படமும் கிள்ளான்காரரும்

“என்ன சொன்னவள்? அவள் என்ன சொன்னவள்?”

தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி கத்தியது நான்தான்.

தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். எழுபதுகளின் தொடக்கம். ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் என் அலுவலகத் தோழி மே லிங். மடியில் கச்சாங் பூத்தே பொட்டலம். அதில் பாதிக் கடலை, நான் கத்திய வேகத்தில் தரையில் கொட்டிவிட்டது.

திரையில் கடற்கரையோரச் சரிவில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே அவனும் அவளும். ஒன்றரை மணி நேரமாக எலியும் பூனையுமாகச் சண்டை போட்டவர்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறான். அவள் அவன் பக்கம் மெதுவாகத் திரும்புகிறாள். வாயைத் திறக்கிறாள்.

டக்கென்று ஒரு வெட்டு. அடுத்த நொடியில் கார் ஆளில்லாமல் சரிவில் உருண்டு, ஆரஞ்சுப் பழக் கடைக்குள் புகுந்து நிற்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடுகிறார்கள். படம் முடிந்தது, விளக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் திரையில் முத்தம் என்றால் உடனே கத்தரிதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முத்தத்தை வெட்டுகிறேன் பேர்வழி என்று அந்தப் பெண்ணின் பதிலையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“சரின்னுதான் சொல்லியிருப்பா. வேற என்ன சொல்லப் போறா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு முகம்.

“அவள் அப்பிடி லேசில ஓமெண்டு சொல்லுற ஆளில்லை,” என்றேன்.

“அப்புறம் ஏன் சிரிச்சுக்கிட்டே ஓடுறா?”

“கார் போகுது. ஓடாமல் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

மே லிங் என் கையைப் பிடித்து இழுத்தாள். “ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க லா. கூட்டுறதுக்கு ஆள் வந்தாச்சு,” என்று அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாள். பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்த சீனப் பெண்ணுக்கு அந்த அளவு தமிழ் வராமல் இருக்காது.

சொன்னபடியே வெளியே போய்ச் சண்டை போட்டோம். கச்சாங் பூத்தே வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று முக்கால் மணி நேரம். அவர் பெயர் வயிரவன். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. கடையில் உட்காரப் பிடிக்காமல் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. இந்தப் படத்துக்காக பஸ் ஏறி வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு அது நான்காவது தடவை.

பெயர் தெரியாத படம்

அந்தப் படத்தின் பெயர் எங்களில் யாருக்கும் நினைவில் நின்றதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க அதற்குக் ‘கார்ப் படம்’ என்றுதான் பேர். வரவேண்டிய படப்பெட்டி வந்து சேராத ஞாயிற்றுக்கிழமைகளில் தியேட்டர்காரர்கள் அதைத்தான் தூசி தட்டி ஓட்டுவார்கள். இப்படி வேறொரு படத்தை மாற்றிப் போட்டிருந்தால் நாற்காலி உடைந்திருக்கும். இதற்கு ஜனங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள்.

கதையை ஒரு வெற்றிலையில் எழுதிவிடலாம். அவள் ஒற்றைப் பழைய காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவன் வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். காரில் ஏறி உட்கார்ந்த உடனேயே, உங்கள் எஞ்சின் சுருதி விலகிப் பாடுகிறது என்று சொல்கிறான். அவளுக்கு அப்போதே ஆகவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டால்தான் அவன் பரீட்சைக்குப் போக முடியும். அவள் போடமாட்டேன் என்கிறாள். முதல் தடவை தபால்பெட்டியில் இடிக்கிறான். இரண்டாம் தடவை வாத்துக் கூட்டம் ஒன்று சாலையைக் கடக்க, நட்ட நடுவில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவற்றுக்கு வழி காட்டுகிறான். மூன்றாம் தடவை எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் காரைத் திருப்பி அவள் வீட்டு ரோஜாச் செடிமேல் ஏற்றுகிறான்.

பாதிப் படத்தில் உண்மை தெரிகிறது. அவனுக்கு முதல் வாரத்திலேயே கார் ஓட்ட வந்துவிட்டது. அவளைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று தோற்றிருக்கிறான். அவள் கொதித்துப் போய், என் பெட்ரோலைப் பாழாக்கினாயே என்று கத்துகிறாள். நியாயமான கோபம். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுடைய நோட்டுப் புத்தகம் அவன் கையில் கிடைக்கிறது. பார்த்தால், நன்றாக ஓட்டிய நாட்களில்கூட அவனுக்குத் தவறு தவறு என்று அவளே பொய்யாக எழுதி வைத்திருக்கிறாள்.

இரண்டு பேரும் திருடர்கள், அதுவும் ஒரே எடைத் திருடர்கள். அந்தப் படம் சாகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நாங்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் படங்களை நினைத்துப் பாருங்கள். முதல் பாதியில் கதாநாயகி பேன்ட் போட்டுக்கொண்டு எதிர்த்துப் பேசுவாள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் ஓர் அறை விடுவான். அவள் சேலை கட்டிக்கொண்டு வந்து காலில் விழுவாள். அரங்கம் கைதட்டும். கைதட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். எனக்கு மட்டும் அறை விழுந்த கன்னம் என்னுடையது மாதிரியே இருக்கும்.

கார்ப் படத்தில் அவள் கடைசிவரை வாய் மூடவில்லை. அவனும் அவளைத் திருத்த நினைக்கவில்லை. அவள் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்கிறான், அவள் மூன்று சொல்கிறாள். அதற்காக யாருக்கும் அன்பு குறையவில்லை. வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே ஒருத்தரை நேசிக்கலாம் என்று எனக்குச் சொன்னது அந்தப் படம்தான். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

வெட்டாத பிரதி

கொஞ்சம் முன்னால் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். இந்தத் தொடரில் நான் நேர்கோட்டில் நடந்ததில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் வீடியோ கடையில், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட் ஒன்று கிடைத்தது. அட்டையில் அதே கார், அதே முகங்கள். வீட்டுக்கு வந்து, பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து விட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து போட்டேன். வெட்டாத பிரதி. சரிவில் கார் நிற்கிறது. அவன் கேட்கிறான். அவள் திரும்புகிறாள். பரீட்சை முடிவைப் பார்க்கிற மாதிரி டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “ஹேண்ட்பிரேக் போட்டாயா?” என்று கேட்டாள். அவன் போடவில்லை. அதற்குள் முத்தம். அதற்குள் கார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். மே லிங்குக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளும் அங்கே சிரித்தாள். இத்தனை வருடம் எல்லோரும் மல்லுக்கட்டிய பதில் அங்கே இல்லவே இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை எழுத முடியாது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.

‘நல்லா பேசணும் ஆன்டி’

சரி, எழுபதுகளுக்கு வருவோம்.

இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கச்சாங் பூத்தே வண்டிப் பக்கம் வழக்காடியதில், வயிரவன் இல்லாத ஞாயிறு எனக்கு உப்பில்லாமல் போய்விட்டது. அவருக்கும் அப்படித்தான். அந்தச் சமயத்தில் அப்பா செரம்பானில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். எஞ்சினியர், எங்களைப் போலவே யாழ்ப்பாணத்துக் குடும்பம். அடுத்த மாதம் நாள் வைப்பதாக இருந்தது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிடிக்காத கோப்பை அப்படியே மேசையில் கிடக்க விடுகிற பழக்கம் வீட்டிலும் இருந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார்.

“நானே போன் பண்ணிக் கேக்குறேன். வீட்டுக்கு வரேன்,” என்றார் வயிரவன்.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா முகம் வெளுத்துப் போய் நிற்கிறார்.

“பிள்ளை, உன்ர கிள்ளான்காரன் போன் எடுத்தவன். அப்பாவுக்குப் பேசப் போறானாம். சும்மா இல்லை, நேரில வந்து நல்லாப் பேசப் போறானாம்!”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, யாழ்ப்பாணத்து வீடுகளில் பேசுவது என்றால் திட்டுவது. மற்றவர்கள் பேசுவதை நாங்கள் கதைப்பது என்போம். ‘அம்மா எனக்குப் பேசினவ’ என்றால் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று பொருள். பாசார் சந்தையிலும் அலுவலகத்திலும் நாங்களும் அடுத்தவர்களைப் போலவே பேசிச் சமாளித்துவிடுவோம். வாசலில் செருப்பைக் கழற்றியதும் சொற்கள் எல்லாம் எங்கள் அர்த்தத்துக்குத் திரும்பிவிடும். அம்மா போனை எடுத்தது வீட்டுக்குள்.

வயிரவன் பாவம், மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். ‘அங்கிள்கிட்ட நேர்ல வந்து நல்லா பேசணும் ஆன்டி.’

“அம்மா, அவை கதைக்கிறதைத்தான் பேசுறது எண்டு சொல்லுறவை,” என்றேன்.

அம்மா பாதி நம்பினார். அப்பா காலே அரைக்கால்கூட நம்பவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் முதல் தடவையாக வாய் திறந்தார்.

“நீ அவனுக்காகக் கதைக்காதை. என்ர வீட்டுக்குள்ள வந்து எனக்குப் பேச வேணுமெண்டால் வரட்டும். நானும் பாக்கிறன்.”

நடுவீட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாக எங்கள் தியேட்டரில் படம் தொடங்கும் நேரம். அப்பா அலுவலகக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நடுவீட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வெக்கையில் கோட். “பேச வாறவனுக்கு முன்னால பெனியனோட இருக்கிறதோ?” என்று அம்மாவிடம் கேட்டாராம்.

வயிரவன் ஒரு கூடை டுக்குப் பழத்தோடு வந்தார். வணக்கம் சொன்னார். நான் அறை வாசலில் நின்றேன். பெரியவர்கள் இருக்கும்போது நடுவீட்டுக்கு வருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மா சமையலறைத் திரைக்குப் பின்னால்.

“இரும்,” என்றார் அப்பா. “சரி, பேசும். என்னென்ன பேச வேணுமோ எல்லாத்தையும் பேசும்.”

வயிரவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்பத் தேங்க்ஸ் அங்கிள். பேசவே விடமாட்டீங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.”

அப்பா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வயிரவன் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். வீட்டைப் பற்றிச் சொன்னார். அண்ணன் தம்பிகளைப் பற்றி, கடையைப் பற்றி, கிள்ளானில் மழை பெய்தால் தண்ணீர் நிற்பதைப் பற்றி எல்லாம் சொன்னார். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும், இதோ அடுத்ததில் திட்டப் போகிறான் என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கால் மணி நேரம் போயிற்று.

“தம்பி,” என்றார் அப்பா கடைசியில், “நீர் எப்ப பேசப் போறீர்?”

வயிரவன் திருதிருவென்று விழித்தார். “இவ்வளவு நேரம் பேசிட்டுத்தானே இருந்தேன் அங்கிள்?”

“இதுவோ பேச்சு?”

சரியாகப் பேசத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டார் என நினைத்து வயிரவன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சரி, ஒண்டு கேக்கிறன். உங்கட வீட்டில என்ர பிள்ளைக்கு ஆர் பேசுவினம்?”

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல வயிரவன் நிமிர்ந்தார்.

“எல்லாருமே பேசுவாங்க அங்கிள்! அம்மாவுக்குப் பொண்ணு இல்ல. நாங்க நாலு பேரும் பசங்க, யாரும் அவங்ககூட உக்காந்து பேசுறதில்ல. அதுவே அவங்களுக்குக் குறை. இவங்க வந்தா காலையில எழுந்ததுல இருந்து பேசிட்டே இருப்பாங்க. பக்கத்து வீட்டு அக்காங்களும் வந்து பேசுவாங்க. ஒருநாள்கூடப் பேச்சு இல்லாம இருக்காது அங்கிள், அதுக்கு நான் கேரண்டி!”

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

“பக்கத்து வீட்டுக்காரருமோ?” என்று அப்பா கேட்டார்.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம். ஊரும் சாதியும் அந்தஸ்தும்தான் அப்பாவுக்குத் தடை என்று இத்தனை நாளும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லாமல் இல்லை. ஆனால் அடியில் இருந்தது இதுதான். தன் மகளை வேறொரு வீட்டில் வேறு யாரோ வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், தான் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்ற பயம். செரம்பான் மாப்பிள்ளை வீட்டை அவருக்கு முன்பே தெரியும். கிள்ளானில் ஒருவரையும் தெரியாது. எனக்கு அவர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த டிரைவிங் ஸ்கூல்காரி இந்த இடத்தில் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாள். நானும் நிற்கவில்லை. நடுவீட்டுக்குள் போனேன்.

“அப்பா, அவை கதைப்பினமாம். அந்த அம்மாவுக்குக் கதைக்க ஆளில்லையாம். அதைத்தான் இவர் சொல்லுறார்.”

பிறகு வயிரவன் பக்கம் திரும்பி அவருடைய தமிழில் சொன்னேன். “எங்க வீட்டுல பேசுறதுன்னா திட்டுறது. என்னை உங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து தினமும் திட்டுவாங்க, பக்கத்து வீட்டுல இருந்தும் வந்து திட்டுவாங்கன்னு எங்கப்பாவுக்கு கேரண்டி கொடுத்திருக்கீங்க.”

“ஐயோ அங்கிள்!” என்று வயிரவன் துள்ளி எழுந்ததில் கூடை கவிழ்ந்து டுக்குப் பழம் வீடெல்லாம் ஓடியது. “சத்தியமா இல்ல அங்கிள்! முருகன் மேல ஆணையா இல்ல!”

திரைக்குப் பின்னால் அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. காலடியில் வந்து நின்ற ஒரு பழத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப, உங்கட வீட்டில என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் பேசமாட்டினமோ?”

வயிரவன் வாயைத் திறந்தார். இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், பொய்யாக. நான் முந்திக்கொண்டேன்.

“பேசுவினம் அப்பா. மாமி வீடெண்டால் பேச்சு விழும்தானே. நானும் திருப்பிப் பேசுவன்.”

அப்பாவின் முன்னால் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு அதை விழுங்கவும் இல்லை.

அப்பா மெல்ல எழுந்து வயிரவனுக்கு நேரே போய் நின்றார்.

“கேட்டீரோ தம்பி? திருப்பிப் பேசுவாளாம். இந்த வீட்டில எனக்கு ஒரு நாளும் திருப்பிச் சொல்லாத பிள்ளை, உம்மட வீட்டுக்கு வந்து பேசுவாளாம். யோசிக்கிறதெண்டால் இப்பவே யோசியும். கட்டின பிறகு என்னட்ட வந்து நிண்டு அழக் கூடாது.”

“அழமாட்டேன் அங்கிள்,” என்றார் வயிரவன்.

அழுதது அப்பாதான். அந்தக் கனத்த கோட்டோடு, எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றபடி, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார்.